பயோகேஸ்: ‘உயிர்வாயு’ பலகைக்கு ஆகாது

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (பாமாயில்) ஆலையின் கழிவுக்குளத்தைத் தார்ப்பாய் போன்ற விரிப்பால் மூடி, பயோகேஸ் (கழிவு காற்றில்லாமல் செரிக்கும்போது வரும் எரிவாயு) பிடிக்கிறார்கள். அபாயப் பலகைக்குத் தமிழ் வரி வேண்டும். ‘உயிர்வாயு’ என்றே போட்டுவிடலாமா?

> ‘உயிர்வாயு’ என்றே போட்டுவிடலாமா?

கூடாது ஐயா. நம் தமிழ்ப்பள்ளிப் பாடத்தில் ஆக்சிஜன் ‘உயிர்வளி’, கார்பன் டை ஆக்சைடு ‘கரிவளி’. அதைப் படித்து வந்தவர் இந்தப் பலகையைப் பார்த்தால் மூச்சுக்காற்று என்றுதான் நினைப்பார். உள்ளே இருப்பதோ 60–65 விழுக்காடு மீத்தேன். மீதி பெரும்பாலும் கரிவளி. கூடவே ஹைட்ரஜன் சல்பைடு, பத்து லட்சத்தில் 1000 முதல் 3000 பங்கு. அது 100 பங்கைத் தாண்டினாலே மூக்கு மரத்துவிடும், அழுகிய முட்டை நாற்றம் தெரியாது. நாற்றம் அடங்கிவிட்டது என்று இறங்குகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

‘மீத்தேன்’ என்று மட்டும் எழுதினால் இந்த நஞ்சு மறைந்துபோகும். ‘சாண எரிவாயு’வும் சரிப்படாது, ஆலையில் மாடு ஏது?

> மாடு ஏது?

அப்படியானால் ‘புளிவளி’ எப்படி அண்ணே? கள் புளிப்பதைத் தோட்டத்து ஆள்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

> ‘புளிவளி’ எப்படி

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, ஆனால் நடப்பதற்கு நேர்மாறு. ஆலையிலிருந்து கழிவுநீர் 80 டிகிரிக்கு மேல் சூட்டோடும், பிஎச் (அமில அளவு, 7 என்றால் நடுநிலை) 4–5 என்ற புளிப்போடும் வருகிறது. ஆறவைத்து, 35–38 டிகிரி அளவில், நடுநிலைக்கு அருகே வைத்தால்தான் மீத்தேன் நுண்ணுயிர் வேலை செய்யும். செம்பனைக் குலை வரத்து கூடும் மாதத்தில் அவசரப்பட்டு ஒரேயடியாகக் கழிவுநீரை ஏற்றினால் அமிலம் முந்திக்கொள்ளும். பிஎச் 6.5-க்குக் கீழே போனால் வளி குறைந்து, நின்றேகூடப் போகலாம். அப்போது ஏற்றுவதை நிறுத்தி, பழைய குளத்துச் சேற்றைத் திருப்பி விட்டுத் தேற்ற வேண்டும். ஆக, குளம் புளித்தால் வளி கிடையாது. ‘புளிப்பு’ என்ற சொல்லை அந்தக் கோளாறுக்கே வைத்துக்கொள்வோம்.

என் பரிந்துரை ‘நொதிவளி’. நொதித்தல் பள்ளியிலேயே தெரிந்த சொல். ‘செரிவளி’யும் பொருளில் பழுதில்லை, காற்றில்லாமல் செரிப்பதுதானே நடக்கிறது. ஆனால் அதைப் படித்ததும் ஓமத்தண்ணீர்தான் நினைவுக்கு வரும்.

> என் பரிந்துரை ‘நொதிவளி’

நொதிவளிக்கு என் ஆதரவு. பலகையோடு நிற்கிற சொல்லுமல்ல இது. 2014 முதல் புதிய ஆலைகளும் விரிவாக்கும் ஆலைகளும் இதைப் பிடிக்கும் வசதியோ மீத்தேன் உருவாகாமல் தவிர்க்கும் வசதியோ வைக்க வேண்டும் என்பது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் விதி. திறந்த குளத்திலிருந்து தப்பும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரிவளியைப் போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். சும்மா கொளுத்தினாலும் அந்தக் கேடு பெருமளவு குறையும், மின்சாரமாக்கினால் இன்னும் லாபம். தோராயக் கணக்கு: ஒரு டன் குலைக்கு 0.65 கனமீட்டர் கழிவுநீர், அதில் 18 கனமீட்டர் நொதிவளி, அதிலிருந்து 36 யூனிட் மின்சாரம். 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் தின்னும் மின்கார் 240 கிலோமீட்டர் ஓடும். ஈப்போவில் கிளம்பினால் கோலாலம்பூர் சேர்ந்தும் மிச்சம். ஆனால் சல்பைடை 200 பங்குக்குக் கீழே கழுவாமல் மின்சாரம் எடுக்கும் எஞ்சினுக்குள் விட்டால் அதன் மசகெண்ணெய் அமிலமாகி பேரிங்கை அரித்துவிடும்.

மூடிய குளத்தை ‘மூடுகுளம்’ என்போம். பலகையின் மலாய் வரியில் வரும் ‘கோலம்’ (kolam) நம் குளம்தானே! விரிப்பின் மேல் மழைநீர் தேங்கினால் கனம் தாங்காமல் மடிப்பில் கிழியும். அதை இறைக்கப் போகிறவரும் படிக்க வேண்டிய பலகை இது (வளிமானி என்றால் வளியை அளந்து காட்டும் கருவி):

மூடுகுளம்
நொதிவளி (பயோகேஸ்)
எரியும், நஞ்சு
நாற்றம் இல்லாவிட்டாலும் ஆபத்து
வளிமானி இல்லாமல் விரிப்பில் ஏறாதே

> ஏறாதே

‘ஏறாதீர்’ என்று திருத்துங்கள். அடைப்புக்குறிக்குள் ‘பயோகேஸ்’ இருக்கட்டும், ஆலையில் வாயில் வருவது அதுதான்.