வாடகை வீட்டு வாசலில் விட்டுப்போன கார்: இங்கிலாந்தில் சட்டப்படி என்ன செய்யலாம்

வணக்கம் தம்பி. புதிதாகக் குடிவந்த வீட்டின் முன்புறம் முன்பிருந்த வாடகைக்காரரின் கார் மாதக்கணக்காக நிற்கிறது, லெட்டிங் ஏஜென்ட் கண்டுகொள்ளவில்லை, ஸ்கிராப்காரரிடம் கொடுத்துவிடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஸ்கிராப்காரரை அழைக்காதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, காரணத்தையும் வழியையும் விரிவாக எழுதுகிறேன். இவை இங்கிலாந்துக்குப் பொருந்துபவை. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் சில இடங்களில் வேறுபடும்.

நாங்கள் முதலில் எடுத்த வாடகை வீட்டிலும் இதே நிலைதான் இருந்தது. முன்சக்கரம் ஒன்று காற்றிறங்கிச் சரிந்திருந்தது, கண்ணாடியோரத்து ரப்பரில் பச்சைப் பாசி பிடித்திருந்தது, வைப்பருக்கு அடியில் இலைகள் மட்கிக் கிடந்தன. பின்னிருக்கையில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது. அந்தக் குடும்பம் ஏதோ அவசரத்தில் போயிருக்க வேண்டும் என்று எனக்கு அன்று தோன்றியது. உரிமையாளர் மருத்துவமனையில் இருக்கலாம், நாட்டை விட்டே போயிருக்கலாம். அறிவிப்பு, காத்திருப்பு என்று இந்த நாட்டுச் சட்டம் கேட்பவை அப்படிப்பட்டவர்களையும் மனத்தில் வைத்தவை என்று புரிந்துகொண்டால் தாமதம் அவ்வளவு எரிச்சலைத் தராது.

உங்கள் வாசலில் நிற்பதாலேயே ஒரு வாகனம் உங்களுடையதாகிவிடாது. லாக் புக் எனப்படும் வாகனப் பதிவு ஆவணத்தில் பெயர் உள்ளவர்கூட அதன் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. அவர் பதிவுபெற்ற பொறுப்பாளர் மட்டுமே. தவணையில் வாங்கிய காராக இருந்தால், கடன் தீரும்வரை அது நிதி நிறுவனத்தின் சொத்தாக இருப்பதும் உண்டு. ஆகவே அதை விற்றாலோ உடைக்கக் கொடுத்தாலோ, நீங்கள் ஒருபோதும் பார்த்திராத ஒருவர் அதன் மதிப்பை உங்களிடம் கேட்டு வழக்குப் போட முடியும். அதைவிடப் பெரிய ஆபத்து, 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது. எடுத்துச் செல்ல உரிமையுள்ளவரைத் தடுக்கும் நோக்கத்தோடு, சட்ட அதிகாரம் இல்லாமல் ஒரு வாகனத்துக்குக் கிளாம்ப் (சக்கரப் பூட்டு) போடுவதையும் அதை இழுத்துச் செல்வதையும் அந்தச் சட்டத்தின் 54ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. இது தனியார் நிலத்துக்கும் பொருந்தும். விசாவில் இருப்பவர்கள் தண்டனை விவரங்களைப் பிற்கால விண்ணப்பங்களில் தெரிவிக்க வேண்டியிருப்பதால், நம்மவர்கள் இதில் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டும்.

நம் ஊரில் நான்கு பேராகச் சேர்ந்து தள்ளித் தெருவோரமாக விட்டுவிடும் பழக்கமுண்டு. இங்கே அதுவும் வேண்டாம். வரியும் காப்பீடும் இல்லாத வாகனத்தைப் பொதுச்சாலைக்குத் தள்ளினால், அதை அங்கே கைவிட்டவர் நீங்கள்தானா என்ற கேள்வி எழும். வாகனத்தைக் கைவிடுவது இங்கே குற்றம். அதற்கு 200 பவுண்டு உடனடி அபராதம் விதிக்கலாம், நீதிமன்றம் வரை போனால் 2,500 பவுண்டு வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

இனிச் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். நம்பர் பிளேட்டில் உள்ள எண்ணை அரசின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், வரி கட்டப்பட்டிருக்கிறதா, எம்.ஓ.டி. எனப்படும் வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனையின் காலம் எப்போது முடிந்தது என்பவை கட்டணமில்லாமல் தெரியும். எம்.ஓ.டி. வரலாற்றில் கடைசிச் சோதனையின்போது கார் ஓடியிருந்த மைல் கணக்கும் இருக்கும். அந்தச் சோதனையின் தேதியை வைத்து எவ்வளவு காலமாக அது அசையாமல் நிற்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். காரை நான்கு பக்கமும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். திருட்டுக் காராக இருக்கலாம் என்ற ஐயம் வந்தால் 101 என்ற எண்ணில் காவல்துறைக்குச் சொல்லுங்கள். கதவு திறந்திருந்தாலும் உள்ளே கைவைக்காதீர்கள்.

நீங்கள் வாடகைக்காரர் என்பதால் அடுத்த கடிதம் ஏஜென்ட்டுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் போக வேண்டும். தொலைபேசியில் பேசியதோடு விட்டுவிடாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். வீட்டை ஒப்படைத்தபோது எழுதிய பொருட்பட்டியலில் அந்தக் கார் இல்லை என்பதையும், வாகனம் நிறுத்தும் இடம் உங்கள் ஒப்பந்தத்தில் அடங்கியது என்றால் அதையும் குறிப்பிடுங்கள். முன்பிருந்தவரின் புதிய முகவரியோ தொலைபேசி எண்ணோ அவர்களிடம் இருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் ஏஜென்ட் இரண்டு மின்னஞ்சல்களுக்குப் பதில் தரவில்லை. படங்களோடு மூன்றாவதை அனுப்பிய பிறகுதான் அசைந்தார்கள்.

கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 1978ஆம் ஆண்டின் கழிவகற்றல் சட்டத்தின்படி, கைவிடப்பட்ட வாகனத்தை அகற்றும் கடமை கவுன்சிலுக்குச் சாலையில் மட்டுமின்றித் திறந்தவெளித் தனியார் நிலத்திலும் இருக்கிறது. தனியார் நிலமென்றால் அங்கே குடியிருப்பவருக்கு 15 நாள் அறிவிப்புக் கொடுத்து, அவர் மறுக்கவில்லை என்றால் எடுத்துச் செல்வார்கள். அருகிலுள்ள சாலைக்கு அதைக் கொண்டுவரும் செலவு மிக அதிகமென்றால் அந்தக் கடமை இல்லை. சில கவுன்சில்கள் தனியார் நிலத்திலிருந்து எடுக்கக் கட்டணம் கேட்பதால், அதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வரி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு காரைக் கைவிடப்பட்டது என்று அவர்கள் முடிவு செய்வதில்லை; பதிவில் பொறுப்பாளர் இல்லாதது, நீண்டகாலம் நகராதது, காற்றிறங்கிய டயர், உடைந்த கண்ணாடி, காணாமற்போன நம்பர் பிளேட், உள்ளே குவிந்த குப்பை என்று பலவற்றைச் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் கடிதத்தில் இவற்றில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக, படத்தோடு எழுதினால் பதில் விரைவாக வரும்.

கவுன்சில் மறுத்துவிட்டால் பொறுப்பாளரை நேரடியாகத் தேடலாம். ஸ்வான்சியில் உள்ள, வாகனப் பதிவுகளை வைத்திருக்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ. அலுவலகத்துக்கு வி888 என்ற படிவத்தைக் காரணத்தோடும் 2.50 பவுண்டுக் கட்டணத்தோடும் அனுப்பினால், பதிவில் உள்ளவரின் பெயரையும் முகவரியையும் பெறலாம். கைவிடப்பட்ட வாகனத்தின் பொறுப்பாளரைத் தேடுவது அவர்கள் ஏற்கும் காரணங்களில் ஒன்று. கிடைத்த முகவரிக்கு, கார் எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் எடுத்துச் செல்ல வேண்டும், எடுக்காவிட்டால் எப்போதிலிருந்து விற்கப்படும் என்பவற்றைத் தெளிவாக எழுதி, கையொப்பம் வாங்கி ஒப்படைக்கும் தபாலில் அனுப்ப வேண்டும். 1977ஆம் ஆண்டின் பொருள்கள் குறித்த சட்டம் கேட்கும் அறிவிப்பு இதுதான். நியாயமான அவகாசம் தர வேண்டும். ஏதேனும் பணம் பாக்கியென்று கேட்டால் அவகாசம் மூன்று மாதத்துக்குக் குறையக்கூடாது. விற்ற பணத்தில் விற்பனைச் செலவு போக மீதி உரிமையாளருடையது. இந்தக் கட்டத்தை வீட்டு உரிமையாளரே தம் பெயரில் செய்வதுதான் சரி; அவருக்காக நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். உடைக்கக் கொடுக்கும் நிலை வந்தாலும் அனுமதி பெற்ற நிலையத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். ரொக்கமாகப் பணம் நீட்டுபவரை நம்பாதீர்கள். பழைய இரும்புக்கு ரொக்கம் கொடுப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

எங்கள் வாசலில் நின்றதைக் கவுன்சிலின் லாரி வந்து தூக்கிச் சென்றது. அந்த அறிவிப்புக் கடிதத்தை இன்னும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

இன்றே உங்கள் வாசலில் நிற்கும் காரின் எண்ணைப் போட்டுப் பார்த்து, வரி எந்த மாதத்தோடு முடிந்திருக்கிறது என்பதையும் எந்தக் கவுன்சில் எல்லையில் இருக்கிறீர்கள் என்பதையும் இங்கே எழுதுங்கள். நம்பர் பிளேட் எண்ணைப் பொதுவில் போட வேண்டாம். அனுப்ப வேண்டிய கடிதத்தை அதன் பிறகு சேர்ந்தே எழுதிவிடலாம்.