மறு: மண்ணை உறையவைத்துச் சுரங்கம் தோண்டும் முறைக்குத் தமிழில் என்ன பெயர்?

எல்லாருக்கும் வணக்கம்.

இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்துவிட்டேன். வடசென்னையில் தெருக்கூட்டங்களில் வாசிக்கப்போகும் விளக்கக் குறிப்புக்காகத்தான், சுரங்கம் தோண்டும்போது நீர் புகாதபடி சுற்றியுள்ள மண்ணை உறையவைக்கும் முறைக்கு (ground freezing) ஒரு தமிழ்ச்சொல் தேவைப்படுகிறது. ஆகவே காதால் கேட்டவுடனே புரிய வேண்டும் என்பதையே முதல் அளவுகோலாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

> "நிலப்பனியாக்கம்" என்று வைத்துக்கொள்ளலாமே?

அண்ணா, பனி என்றால் நம் பக்கத்தில் மார்கழி விடியலில் இறங்கும் மூட்டம். தண்டையார்பேட்டையில் யாரிடம் "நிலப்பனி" என்றாலும் தரையோடு படரும் புகை போன்ற ஒன்றைத்தான் நினைப்பார்கள். இந்த முறையில் மண் கல் மாதிரி இறுகுகிறது. அந்த இறுக்கம் பெயரில் தெரிய வேண்டும். பாலுக்கு உறை ஊற்றும் வீட்டில் "உறை" என்பதற்கு விளக்கமே வேண்டாம். பள்ளிப் பாடத்தில் உறைநிலையும் இருக்கிறது.

> அப்படியானால் "நிலவுறைவு"?

அக்கா, சேர்த்து எழுதினால் நிலவு உறைவதாகப் படிப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், உறைவு என்பது தானாக நடப்பது. சைபீரியாவில் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண்ணுக்கு அது பொருந்தும். இங்கே குழாய் இறக்கி, இயந்திரம் ஓட்டி, தோண்டி முடிக்கிறவரை மண்ணை உறையவைத்துப் பிறகு விட்டுவிடுகிறார்கள். பிறவினை கட்டாயம் வேண்டும். ஃப்ரீசருக்கு உறைவிப்பான் என்ற சொல் ஏற்கெனவே புழங்குவதால் "உறைவிப்பு" காதுக்குப் புதிதல்ல. நிலம் என்றால் பட்டா, மனை என்று எண்ணம் போகும். பொறியாளர்கள் மண் பரிசோதனை என்றுதான் சொல்கிறார்கள். ஆக, என் முன்மொழிவு: மண் உறைவிப்பு.

சரி, தலைச்சொல் கிடைத்துவிட்டது. உண்மையான கஷ்டம் துணைச்சொற்களில்தான் இருக்கிறது.

ஜெர்மனியில் ஹெர்மன் பொட்ஷ் என்ற பொறியாளர் 1883-இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடிப்படை இன்றும் அதேதான். சுமார் ஒரு மீட்டர் இடைவெளியில் குழாய்களை மண்ணுக்குள் இறக்கி, அவற்றில் கால்சியம் குளோரைடு கரைசலை −25 முதல் −35 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்துச் சுற்றவிடுவார்கள். ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் மண் தூண் போல உறைந்து, தூண்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நீர் புகாத சுவராகும். சில வாரங்கள் பிடிக்கும். அவசரம் என்றால் −196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைச் செலுத்துவார்கள். சில நாட்களிலேயே உறைந்துவிடும், செலவு மிக அதிகம். காசிமேட்டுக்கு ஐஸ் பார் தரும் பழைய பாணி ஐஸ் ஃபேக்டரியைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. அங்கே குளிர்ந்த உப்புக் கரைசல் தொட்டியில் தண்ணீர் கேன்களை இறக்குகிறார்கள். இங்கே கரைசல் குழாய்க்குள் ஓடுகிறது, தண்ணீர் வெளியே மண்ணில் இருக்கிறது.

அந்தக் குழாயை "உறைகுழாய்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். உறை என்றால் கிணற்றில் இறக்கும் வளையம்; உறைகிணறு என்ற சொல் கீழடி அகழாய்வுச் செய்திகளால் எல்லா ஊருக்கும் தெரிந்துவிட்டது. போர் போடுகிறவர் காதில் உறைகுழாய் என்பது போர்க் குழி சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப்பாகத்தான் விழும். இந்த வேலையில் குழாயை இறக்கப் போகிறவர்களும் அவர்களேதான். குளிர்க்குழாய் என்றால் குழப்பம் இல்லை.

கரைசலை "உவர்நீர்" என்பதும் ஆபத்து. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நம் மக்களுக்கு உவர்நீர் என்றால் கிணற்றில் வரும் அந்தத் தண்ணீர்தான். குழாய் கசிந்து கரைசல் மண்ணில் இறங்கினால் உறைந்த சுவரே இளகிவிடும். "உவர்நீர் கசிந்தது" என்று எழுதினால் எது எதற்குள் கசிந்தது என்றே தெரியாது. குளிர்க்கரைசல் என்றே போகட்டும்.

> உறைவது தண்ணீர்தானே, மண் அல்லவே?

நல்ல கேள்வி, தம்பி. தலைச்சொல்லில் அதை நுழைக்க வேண்டாம். ஆனால் மண் துகள்களுக்கு இடையில் நிற்கும் நீருக்குத் தனிச்சொல் தேவை, இடைநீர் என்கிறேன். வடசென்னையில் எல்லாச் சிக்கலும் அதில்தான் இருக்கிறது. கடல்நீர் அளவுக்கு உப்பிருந்தால் ஏறக்குறைய −1.9 டிகிரியில்தான் உறையத் தொடங்கும். உறைய உறைய உப்பை வெளியே தள்ளும். மிச்சமுள்ள நீரில் உப்பு மேலும் செறிந்து, அது உறைய இன்னும் குளிர் கேட்கும். 2013-இல் தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து வீட்டுப் போர் தண்ணீரில் டீசல் வாடை வந்தது பலருக்கும் நினைவிருக்கும். அப்படி எண்ணெய் நிற்கும் இடங்களில் அது நீரைப் போலக் கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளாது; சுவரின் வலு குறையும். இத்தனை இருந்தும் மாசுபட்ட மண்ணில் இம்முறையை நினைக்கக் காரணம், தண்ணீரை இறைத்து வெளியே கொட்ட வேண்டியதில்லை, புதிதாக ரசாயனம் எதையும் மண்ணில் கலக்க வேண்டியதும் இல்லை. இறைத்தால் மாசும் கடல்நீரும் நம் பக்கம் இழுபடும், ராயபுரத்துப் பழைய வீடுகளின் அடிமண்ணும் அமுங்கும்.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுவுலைகளைச் சுற்றி நிலத்தடி நீரைத் தடுக்கச் சுமார் 1.5 கிலோமீட்டர் நீளம், 30 மீட்டர் ஆழத்துக்கு 1,568 குழாய்களைக் கொண்டு இதே சுவரை எழுப்பினார்கள். 2016 மார்ச்சில் உறைவிக்கத் தொடங்கியபோது நீரோட்டம் வேகமாக இருந்த இடங்கள் சீக்கிரம் உறையவில்லை. ஆகவே அதைப் "பனிச்சுவர்" என்பதைவிட உறைமண் சுவர் என்பதே சரி: அது மண்ணால் ஆனது, அந்த மண்ணின் குணமே அதன் குணம்.

அப்புறம், உறைவித்தலை நிறுத்திய பின் நடப்பதற்கு "உருகல்" வேண்டாம். மண் உருகாது, இளகும். இளகியபின் தரை இறங்குவதை இளகுதாழ்வு எனலாம்.

முடிவாகாதது ஒன்று. நீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 விழுக்காடு பெருகுகிறது; களிமண்ணிலும் வண்டலிலும் கூடுதல் நீரை இழுத்துப் பனிக்கட்டி அடுக்குகள் உண்டாகி, மேலே தரை தூக்கிக்கொள்ளும். வீட்டுச் சுவரில் விரிசல் வருமா என்று மக்கள் கேட்கப் போவது இதைப் பற்றித்தான். "மேலெழுச்சி" பாடநூல் வாடை அடிக்கிறது. "தரைத்தூக்கல்" என்று எழுதிப் பார்த்தேன், நிறைவாக இல்லை. கொத்தனார்களோடு பழகுகிறவர்கள் கேட்டுச் சொல்லுங்கள். மற்ற சொற்களுக்கு மறுப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து