அட்வைஸ் பண்ணாம இருக்க முடியல, மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் எப்படிப் பழகுனீங்க?

பழைய_குவார்ட்டர்:
குடிய விட்டு 3 வருஷம், இப்ப ஒரு மறுவாழ்வு மையத்துல பியர் சப்போர்ட் (குடியிலேர்ந்து மீண்டவங்களே மத்தவங்களுக்குத் துணையா இருக்கறது) வாலண்டியர். மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங்னு, அதாவது மாறணும்ங்கற காரணத்த அவரே சொல்ற மாதிரி பேசுற முறைக்கு, 2 நாள் ட்ரெய்னிங் குடுத்தாங்க, ஓப்பன் கேள்வி, பாராட்டு, ரிஃப்ளெக்‌ஷன் (அவர் சொன்னத நம்ம வார்த்தையில திருப்பிச் சொல்றது), சம்மரினு நோட்டுல எல்லாம் இருக்கு, ஆனா ஆள் எதிர்ல உக்காந்ததும் மறந்துபோயி அட்வைஸ்ல இறங்கிடுறேன். போன வாரம் ஒரு பெயிண்டர் அண்ணன் "உடம்பு வலி தாங்கல, ஒரு குவார்ட்டர் இல்லாம தூக்கம் வராது தம்பி"ன்னார். நான் என் கதைய 20 நிமிஷம் ஓட்டி, கடைசில "பொண்ணு முகத்த நெனச்சுப் பாருங்கண்ணே"ன்னேன். "சரி தம்பி, சரி தம்பி"ன்னு எந்திரிச்சுப் போனவர்தான், ஆளையே காணோம்.

வார்டு_அக்கா:
ரெண்டு தடவ "சரி தம்பி" வந்தாலே கதவ சாத்திட்டார்னு அர்த்தம் :) தப்பப் பாத்ததும் சரிபண்ண நமக்குக் கை பரபரக்கும்ல, இந்த முறைய உருவாக்குன மில்லரும் ரோல்னிக்கும் அதுக்கு ரைட்டிங் (righting) ரிஃப்ளெக்ஸ்னே பேர் வச்சிருக்காங்க. அவருக்குள்ள விடணும்னு பாதி, குடிக்கணும்னு பாதி இருக்கு, விடணும்ங்கற பக்கத்த நீங்க பேசிட்டா மிச்சப் பக்கத்ததான் அவர் பேசணும். "வலிக்கு வேற வழி தெரியல உங்களுக்கு"ன்னு சொல்லிட்டு சும்மா இருங்க. கடைசில ஒரு "ஆ" சேத்து "தெரியலயா?"ன்னு இழுத்தீங்கன்னா போலீஸ் விசாரணை ஆயிடும், குரல எறக்கி முடிங்க. "ஏன் குடிக்கிறீங்க"வும் வேணாம், நம்ம பேச்சுல "ஏன்"னாலே திட்டுதான்.

தென்காசிப்_பையன்:
அக்கா சொல்றது சரி, ஆனா நம்மாளுங்க "என்ன செய்யணும் நீங்களே சொல்லுங்க"ன்னு கேக்குறாங்களே, அப்ப?

வார்டு_அக்கா:
சொல்லலாம்பா. மொதல்ல அவருக்கு என்ன தெரியும்னு கேளு, சொல்லட்டுமான்னு கேட்டு ரெண்டு வரி சொல்லு, "இதப் பத்தி என்ன நெனக்கிறீங்க"ன்னு திருப்பிக் குடு. ஒண்ணு முக்கியம், தினமும் குடிக்கிறவர இன்னைக்கே நிறுத்துங்கன்னு உசுப்பேத்திடாதீங்க, திடீர்னு விட்டா ஃபிட்ஸ் வரைக்கும் போகும், டாக்டர் பாத்துதான் நிறுத்தணும்.

ஆறு_மாசம்:
பட்டறையோட நிறுத்தினா கொஞ்ச நாள்ல மறந்துரும் ப்ரோ, 2004ல மில்லர் டீம் பண்ண ஆய்வுலயும் அப்புறமா ஃபீட்பேக், கோச்சிங் கெடச்சவங்களுக்குத்தான் நல்லா நின்னுச்சு. நானும் ஃப்ரெண்டும் ரோல்பிளே பண்ணி போன்ல ரெக்கார்ட் போட்டு எண்ணுவோம், ஒரு கேள்விக்கு 2 ரிஃப்ளெக்‌ஷன் வரணும். மொத தடவ எனக்கு 14 கேள்வி, 1 ரிஃப்ளெக்‌ஷன், அசிங்கமா போச்சு. அப்புறம் ஸ்கேல் கேளுங்க, விடுறது எவ்வளவு முக்கியம், 0லேர்ந்து 10க்குள்ள? 4ன்னா "ஏன் 8 இல்ல"ன்னு கேட்டா சாக்குதான் வரும், "2 சொல்லாம 4 சொன்னீங்களே, எதனால?"ன்னு கேளுங்க, காரணத்த அவரே சொல்வார்.

பழைய_குவார்ட்டர்:
அண்ணனுக்குப் போன் போட்டேன். 4ன்னார், அதேதான் :) எதனால 4னு கேட்டுட்டு நாக்கக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "காலைல கை நடுங்குது தம்பி, பார்டர் லைன் கோணிட்டுப் போகுது, மேஸ்திரி என்ன வெறும் ப்ரைமர் அடிக்க விட்டுட்டான்"ன்னார். பொண்ணப் பத்தி ஒரு வார்த்த வரல. நடுக்கம்னதும் அக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சு, டாக்டர் பத்தி சொல்லட்டுமான்னு கேட்டேன், சொல்லுன்னார். வியாழக்கிழமை ரெண்டு பேரும் போறோம்.