புதுப்பிப்பு: மலிவு எலெக்ட்ரிக் கிட்டாரில் ஓயாத இரைச்சல் (தீர்ந்தது)

கம்பியைத் தொட்டாலும் விட்டாலும் ஒரே இரைச்சல், கேபிள் செருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்) மாற்றத் தேவைப்படவில்லை. பிரிட்ஜுக்கும் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதி) ஜாக்கின் கிரவுண்டுக்கும் (எர்த் இணைப்பு) இடையே மல்டிமீட்டர் வைத்து மின்தடையை அளக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. 0 ஓமை ஒட்டிக் காட்ட வேண்டிய இடத்தில் இணைப்பே இல்லை. பின்மூடியைத் திறந்தால், டிரெமோலோ (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை மாற்றும் அமைப்பு) ஸ்பிரிங்குகள் மாட்டும் தகட்டிலிருந்து கிரவுண்ட் வயர் கழன்று தொங்குகிறது!

தகடு சூட்டை உறிஞ்சிவிடுவதால் சின்ன சால்டரிங் அயர்னில் ஈயம் ஒட்டாது. மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு 60 வாட் அயர்னில் வைத்ததும் பிடித்துக்கொண்டது.

எதிர்பாராதது: சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புக்கே உரிய மெல்லிய ரீங்காரம் இன்னும் இருக்கிறது, ஆனால் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சின் 2, 4ஆம் நிலைகளில் (நடு பிக்கப்பும் இன்னொன்றும் சேர்ந்து ஒலிக்கும் இடங்கள்) அதுவும் அடங்கிவிடுகிறது. நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றியது போலும், அதனால் இரண்டின் ரீங்காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. இந்த விலைக்கு இப்படியொரு வசதி அதிகம்தான்.