கதலி வாழைக்கு ஏன் 33?

கேள்வி (களுவாஞ்சிகுடி, உயர்தர மாணவி): வெங்காய வேர்நுனியை நசுக்கி கலத்துக்கு 16 நிறமூர்த்தங்களை (குரோமோசோம்களை) எண்ணிவிட்டேன். மூன்று நாள் கண் வலித்தது. கதலிக்கு 33 என்கிறார்கள். ஒற்றைப்படை எப்படி? எங்கள் வளவுக் கதலியில் விதை இல்லாததற்கும் இதுதான் காரணமா?

பதில்: ஆம், தங்கச்சி. அது மும்மடியம், அதாவது நிறமூர்த்தங்கள் மூன்று தொகுதிகளாக இருக்கும். மூசா அக்குமினாட்டா என்ற காட்டு வாழையின் இரண்டு தொகுதிகள், மூசா பல்பிசியானா என்ற இன்னொரு காட்டு வாழையின் ஒன்று, தொகுதிக்கு 11. பாலணுக்கள் உருவாகும் ஒடுக்கற்பிரிவில் மூன்றாவது தொகுதி சோடியின்றித் தடுமாறும். அதனால் விதை உருவாகாமல் பழத்தின் நடுவே கறுப்புப் புள்ளிகள்தான் மிஞ்சும். 1955இல் வாழை ஆய்வாளர்கள் சிம்மண்ட்சும் ஷெப்பர்டும் 15 வெளியியல்புகளுக்கு மதிப்பெண் போட்டு, நிறமூர்த்த எண்ணிக்கையையும் பார்த்தே வாழைகளைப் பிரித்தார்கள்.

இன்னொரு பதில்: வாழை வேரில் எண்ணப் போகாதே, எல்லாம் பொடிப்பொடி. நசுக்கும்போது நான் உடைத்த கண்ணாடி மூடித்துண்டுகளுக்குக் கணக்கில்லை.

கேட்டவள்: நாளைக்குக் கன்றடியைக் கிண்டப்போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.