தெர்மல் இமேஜிங், ரேடியன்ட் ஹீட்டிங்: தமிழில் என்ன?

க.
வணக்கம். வீட்டைக் கதகதப்பாக்கத் தரைக்கு அடியில் பதித்த வெந்நீர்க் குழாய்களை, சூட்டை நிறங்களாகக் காட்டும் தெர்மல் கேமராவால் சோதிப்பது பற்றி 40 பக்கக் கையேடு ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கெடு. தலைப்பில் உள்ள இரண்டு சொற்களிலேயே வண்டி நிற்கிறது. இப்போதைக்கு 'வெப்ப ஊடுகாட்சி', 'கதிர்வீச்சு வெப்பமூட்டல்' என்று போட்டிருக்கிறேன். நல்லதாகக் கிடைத்தால் மாற்றிவிடுகிறேன்.

மு.
'ஊடுகாட்சி' வேண்டவே வேண்டாம். அந்தக் கேமரா எதையும் ஊடுருவுவதில்லை. ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் தரையின் மேல்தோல் உமிழ்வதை மட்டும் வாங்கிக்கொள்கிறது. ஓடு, காரை, பலகை எதுவும் அதற்கு வழிவிடாது. சன்னல் கண்ணாடிகூட விடாது. குழாயின் சூடு காரைக்குள் மெல்ல ஏறி மேலே வரிவரியாக எழுகிறது. நாம் பிடிப்பது அந்த வரியை, குழாயை அல்ல. 16 மி.மீ. குழாய்க்கு மேலே வரி ஒரு சாண் அகலத்துக்கு விழலாம். 'ஊடுகாட்சி' என்று படித்த பையன் வரியின் ஓரத்தில் துணிந்து துளை போடுவான்.

'கதிர்வீச்சு' இன்னொரு வம்பு. வீட்டுக்காரருக்கு அணு உலைதான் நினைவுக்கு வரும்.

ந.
மு. ஐயா சொல்வது சரி. ஆனால் 'வெப்பம்' என்று சோம்பலாக நிறுத்திவிடாதீர்கள். 'தெறல்' இருக்கிறது. 'நீங்கின் தெறூஉம்' என்று காமத்துப்பாலிலேயே வருகிறதே. ஆகவே 'தெறற்படம்'. றகரம் இருமுறை வந்து ஓசையும் நன்றாக இருக்கிறது. 'படிமம்' என்று யாரும் எழுத வேண்டாம், அது 'பிரதிமை' என்னும் வடசொல் பாகதம் (பிராகிருதம்) வழியாக வந்தது. 'வெம்மை'யும் உதவாது. தொல்காப்பிய உரியியல் 'வெம்மை வேண்டல்' என்கிறது. 'வெம்மைப்படம்' என்றால் விருப்பத்தைப் படம் பிடித்ததாக ஆகும்.

சே.
ந. ஐயா, தெறுதல் சுடுதல் அல்லவா? இந்தக் குழாயில் ஓடும் நீர் பெரும்பாலும் 35 முதல் 45 பாகை (செல்சியஸ்). ஆள் புழங்கும் இடத்தில் தரை 29 பாகையைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பியத் தரம் 1264 வரம்பே வைத்திருக்கிறது. மேலும், அந்தக் குறளின் தீ விலகினால் சுடும், நெருங்கினால் குளிரும். அப்படி ஒரு தரையைப் போட்டுக் கொடுத்தால் வீட்டுக்காரர் காசு தரமாட்டார்.

வகுப்பில் 'வெப்பப்படம்' என்றால் உடனே புரிகிறது. தரைக்கு 'வெதுதரை' என்று சொல்லிப் பார்க்கலாமா? சுடாது, குளிராது, வெதுவெதுப்பாக இருக்கும்.

ந.
'வெது' அருமை, அம்மா! திரும்பு–திருப்பு போல வெதும்பு–வெதுப்பு. தரை வெதும்பும், குழாய் வெதுப்பும். தன்வினையும் பிறவினையும் ஒரே வேரில் கிடைத்துவிட்டன. 'வெதுப்புக்குழாய்' என்றே வையுங்கள். வே என்னும் வேரிலிருந்து வேகு, வேவு, வெந்தை, வேனில், வெயில், வேள்விகூட அங்கிருந்துதானோ என்னவோ…

இ.
வேள்விக்குப் போவதற்கு முன் ஒன்று. இலங்கையில் வெதுப்பகம் என்றால் பேக்கரி. 'வெதுப்புக்குழாய்' என்று வாசித்தால் எங்கட ஆட்கள் அடுப்புப் பாகம் என்றுதான் விளங்கிக்கொள்வினம். கூட்டுச் சொல்லாக 'தரைவெப்பக் குழாய்' என்று விட்டால் இரு கரைக்கும் பொருந்தும்.

அந்தக் கேமரா வாங்கும் கதிருக்கு (இன்ஃப்ராரெட்) வழங்கும் 'அகச்சிவப்பு' பற்றியும் சொல்ல வேண்டும். அது சிவப்புக்கு உள்ளே இல்லை, அதிர்வெண்ணில் சிவப்புக்குக் கீழே இருக்கிறது. 'செந்நிறக்கீழ்' தான் சரி.

சே.
சரியாக இருக்கலாம். ஆனால் பாடநூல் எல்லாம் 'அகச்சிவப்பு'. அதை வெள்ளிக்கிழமைக்குள் மாற்ற முடியாது.

மு.
பெயர் எதுவானாலும் 4ஆம் அத்தியாயத்தின் வினைச்சொற்களில் கவனம் வையுங்கள். வேலை கெடுவது அங்கேதான்.

முதல் நாள் இரவே வெப்பத்தை நிறுத்தித் தரையை ஆறவிட வேண்டும். ஆறிய தரையை ஒரு படம். பிறகு மேனிபோல்டில், அதாவது நீரைப் பிரித்துவிடும் பகுதியில், ஒரே ஒரு குழாய்ச் சுற்றைத் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துத் திறந்தால் எந்த வரி எந்தச் சுற்று என்று பிரிக்க முடியாது. மெல்லிய தரையில் கால் மணியில் வரி எழும். 65, 75 மி.மீ. காரையில் ஒன்றிரண்டு மணி நேரமும் ஆகும். எழுந்ததும் பிடிக்க வேண்டும். தாமதித்தால் சூடு பக்கவாட்டில் பரவி, 150 மி.மீ. இடைவெளியில் உள்ள குழாய்கள் ஒரே திட்டாகக் கலந்துவிடும். நிற வரம்பைக் கேமராவின் போக்கில் விடாமல் 5, 6 பாகைக்குள் கையால் பூட்டுங்கள். இல்லையென்றால் மூலையில் எரியும் ஒரு விளக்கு போதும், தரை முழுக்க ஒரே நிறமாகிவிடும்.

பளபளக்கும் ஓட்டில் பார்ப்பவரின் உடற்சூடே எதிரொளித்து வரிபோல் தெரியும். நகர்ந்து பாருங்கள், கூடவே நகர்ந்தால் அது குழாய் அல்ல. மேனிபோல்டின் பளபளப்பான உலோகத்தை நேராக அளந்தால் எண் பொய் சொல்லும். கருப்பு மின்நாடா ஒரு துண்டு ஒட்டி, கேமராவில் உமிழ்திறனை (ஒரு பரப்பு வெப்பக் கதிரை உமிழும் அளவை) 0.95 என வைத்து நாடாவின் மேல் அளக்க வேண்டும்.

5ஆம் அத்தியாயத் தலைப்பு 'கசிவு கண்டறிதல்' என்றிருந்தால் மாற்றுங்கள். வரியில் ஓரிடம் புடைத்து, நேரம் ஆக ஆக வளர்ந்தால் கசிவு என்று ஐயப்படலாம், அவ்வளவுதான். மேனிபோல்டுக்குப் பக்கத்தில் குழாய்கள் நெருங்கும் இடத்திலும் அதே புடைப்பு வரும். சுற்றை மூடி அழுத்தமானி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே தரையை உடைக்கலாம். வரி பாதியில் நின்றுபோனால் கசிவைவிடக் காற்று அடைப்புக்கே வாய்ப்பு அதிகம்.

இ.
உமிழ்திறனுக்கு நாங்கள் 'காலற்றிறன்' என்போம்.

ந.
ஆகா, கதிர் காலுதல்! உமிழ்வது எச்சில், காலுவது ஒளி. இதைவிட வேறென்ன வேண்டும்?

மு.
கேமராவின் பொத்தானில் எந்தச் சொல் இருக்கிறதோ அது வேண்டும், ஐயா.

க.
எல்லோருக்கும் நன்றி. இதுவரை கணக்கு: 'வெப்பப்படம்' சே., 'தெறற்படம்' ந. நான் 'வெப்பப்படம்' பக்கம். எடுக்கும் செயலுக்கு 'வெப்பப்படமெடுத்தல்'. ரேடியன்டுக்குத் தனிச்சொல் இல்லாமல் 'தரைவெப்பக் குழாய்' என்று போகிறேன். அத்தியாயம் 5 'கசிவு ஐயமும் உறுதிசெய்தலும்' ஆகிறது. மேனிபோல்ட் அப்படியே இருக்கும், முதல் இடத்தில் மட்டும் 'பல சுற்றுகளுக்கு நீர் பிரிக்கும் பகுதி' என்று ஒரு விளக்கம்.

சே.
கூரையிலும் சுவரிலும் குழாய் பதித்தால் 'தரைவெப்பம்' என்ன ஆகும்?

க.
38ஆம் பக்கத்தில் கூரை வருகிறது. இப்போதுதான் பார்த்தேன்.

ந.
வெதுகூரை.