கனடாவின் குறுங்கோடையில் கத்தரி: முந்திக் காய்க்கும் இனங்களும் வளர்ப்பு முறையும்

(கனடாவின் நான்கு ஊர்களிலிருந்து வீட்டுத் தோட்டக்காரர் ஒருவருக்கொருவர் எழுதியவை. ஒவ்வொரு பகுதியின் மேலும் எழுதியவரின் ஊர் இருக்கிறது.)

ஸ்காபரோ

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் பல வீட்டுத் தோட்டங்களில் கத்தரி காய்க்காமல் போவதற்கு முதற்காரணம், கன்றை அவசரப்பட்டு நிலத்தில் வைப்பதுதான். ரொறன்ரோவில் மே நடுப்பகுதியோடு உறைபனி பெரும்பாலும் நின்றுவிடும். மே பிற்பகுதியில் வரும் விக்ரோரியா தின விடுமுறையில் தக்காளியோடு சேர்த்துக் கத்தரியையும் நட்டுவிடுகிறோம். தக்காளி அந்தக் குளிரைத் தாங்கும், கத்தரி தாங்காது. இரவு வெப்பம் தொடர்ந்து சில நாள் 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனாலே இலை வெளிறி, தண்டு விறைத்து, வளர்ச்சி நின்றுவிடும். செடி சாகாததால் தப்பிவிட்டது என்று நினைப்போம். அது மறுபடி கொழுந்து விட வாரக்கணக்கில் எடுக்கும். நமக்குக் கிடைக்கும் கோடையில் அந்த வாரங்களைத் திருப்பி எடுக்க வழியில்லை. ஜூன் முதல் பத்து நாளுக்குள் சூடான மண்ணில் வைத்த கன்று, மே 20இல் குளிர்மண்ணில் வைத்ததை ஜூலையிலேயே தாண்டிப் போகும்.

நாட்காட்டியை விட மண்ணை நம்புங்கள். இறைச்சிச் சூடு பார்க்கும் வெப்பமானியைக் காலையில் 10 செ.மீ. ஆழத்துக்குக் குத்திப் பாருங்கள். 18 பாகை காட்ட வேண்டும். இரவு 13க்குக் கீழே இறங்காத ஒரு வாரம் வானிலை அறிக்கையில் தெரிந்தால் நடலாம். கறுப்புப் பொலித்தீன் விரிப்பதென்றால் நடுவதற்குப் பத்து நாள் முன்பே விரித்துவிடுங்கள். அது மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். இடையில் காற்று நின்றால் சூடு பொலித்தீனிலேயே தங்கிவிடும், மண்ணுக்கு இறங்காது. பாத்தியைக் கல் இல்லாமல் மட்டமாக்கி, நனைத்து, நான்கு ஓரத்தையும் இழுத்து மண்ணில் புதைப்பது இதற்காகத்தான்.

விதைப் பைக்கற்றில் 60 நாள் என்று போட்டிருந்தால், கன்றை நட்ட நாளிலிருந்து அறுபது என்று எண்ணுங்கள். அதற்கு முன் வீட்டுக்குள் எட்டு, ஒன்பது வாரம் வேண்டும். ஆகவே மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரல் முதல் வாரத்தில் விதை போட்டால் சரி. பிப்ரவரியில் போடுவதால் லாபம் இல்லை. சின்னச் சாடியில் வேர் சுற்றிப் பூ வைத்த கன்று, நிலத்துக்குப் போனதும் குட்டையாகவே நின்றுவிடும். முளைக்க 27 முதல் 30 பாகை வேண்டும். அந்தச் சூட்டில் ஏழு முதல் பத்து நாளில் முளைக்கும். பேஸ்மண்டின் 18 பாகையில் மூன்று வாரம் கிடந்து பாதி விதை அழுகிவிடும். அடியில் வெப்ப விரிப்புப் போடுங்கள். முளைத்த உடனே எல்ஈடி விளக்கை இலைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் இறக்கி, ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிய விடுங்கள். முளையிலைகளுக்கு அடுத்து இரண்டு உண்மை இலை வந்ததும் 10 செ.மீ. சாடிக்கு மாற்றுங்கள். வெளியே வைக்கும் முன் ஒரு வாரம் பத்து நாள் பழக்க வேண்டும். முதலில் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயில், காற்று.

இனங்களைப் பொறுத்தவரை, ‘பிளாக் பியூட்டி’யை இங்கே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 1902இல் வந்த பழைய இனம், எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அதற்கு 75, 80 நாள் வேண்டும். ஒரு குளிர் வாரம் குறுக்கிட்டால் செப்டெம்பரில்தான் காய். 50 முதல் 60 நாளில் காய்க்கும் இனங்களைத் தேடுங்கள். ‘ஃபேரி டேல்’ கிட்டத்தட்ட 50 நாள். ஊதாவும் வெள்ளையும் வரிவரியாக, விரல் நீளக் காய். புதுத் தோட்ட இனங்களுக்குக் கொடுக்கும் ‘ஓல் அமெரிக்கா செலக்ஷன்ஸ்’ விருதை 2005இல் பெற்றது. ‘ஹான்சல்’ 55 நாள், கரு ஊதா, கொத்தாகக் காய்க்கும். ‘கிரெட்டல்’ அதுவே வெள்ளையில். நீளக் காய் வேண்டுமென்றால் ‘ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’, ‘இச்சிபான்’. குண்டுக் காய்க்கு ‘டஸ்கி’. தேங்காய்ப்பால் விட்டு வைக்கும் வெள்ளைக் கறிக்கு ‘இச்சிபான்’ நன்றாக இருக்கும். தோல் மெல்லியது, விதை குறைவு. ‘ஃபேரி டேலை’ முழுசாக நாலாகக் கீறிப் பொரிக்கலாம்.

கால்கரி

ஸ்காபரோ அண்ணா சொன்னது ஒன்டாரியோவுக்குச் சரி. எங்க பக்கம் நிலத்தில் நடுவதே வேண்டாம். கால்கரியில் ஜூலை மாசமே ராத்திரி 10 டிகிரிக்கு வந்துடும். செப்டம்பர் நடுவில் உறைபனி விழுந்துடும். கண்ணாடிக் கூடாரம் இருந்தால் அதில் வைக்கலாம். இல்லாதவங்களுக்குத் தொட்டிதான் வழி.

19 லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் வாளியில் அடியில் 1 செ.மீ. அளவில் ஆறு ஓட்டை போட்டு, தொட்டிக் கலவை மண்ணும் கால் பங்கு மட்கிய உரமும் கலந்து நிரப்புங்க. தோட்டத்து மண் வேண்டாம், இறுகிடும். ஒரு வாளிக்கு ஒரே செடி. தெற்கு பார்த்த சுவர் ஓரம் வையுங்க. பகலில் சுவர் வாங்கின சூட்டை ராத்திரி திருப்பிக் கொடுக்கும். சக்கரம் வைத்த பலகைமேல் வாளியை வைத்தால், குளிர் ராத்திரிகளில் கராஜுக்குள் தள்ளிடலாம்.

குழாய்த் தண்ணி இங்கே கோடையிலும் சில்லென்று வரும். அதை நேரா வேரில் ஊத்தாதீங்க. காலையில் பூவாளியில் பிடித்து வெயிலில் வைத்து, மத்தியானம் ஊத்துங்க. ஜூலை வெயிலில் வாளிச் செடிக்குத் தினமும் தண்ணி வேணும். தொட்டிக்கு ‘பேட்டியோ பேபி’ நல்ல தேர்வு. 45 நாள், குட்டைச் செடி, காய் கோழிமுட்டை அளவு. எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு இதைவிடப் பொருத்தமான காய் இங்கே கிடைக்காது.

மொன்றியல்

அண்ணை, செடி இடுப்பளவு வளர்ந்து பூவும் நிறைய. ஆனால் காம்போடு மஞ்சளாகி விழுகிறது. ஏன்?

ஸ்காபரோ

தங்கச்சி, பூவைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மஞ்சள் மகரந்தக் குழாய்கள் கூம்பாக நிற்கும். அதன் முனையைத் தாண்டிப் பச்சைச் சூல்முடி வெளியே நீண்டிருந்தால் அந்தப் பூ பிஞ்சாகும். உள்ளே ஒளிந்திருந்தால் உதிரும். குட்டைச் சூல்முடிப் பூ நிறைய வருகிறதென்றால் செடிக்குச் சத்தோ வெளிச்சமோ போதவில்லை.

இடுப்பளவு வளர்ந்து, இலை கரும்பச்சையாக இருந்தால் நைதரசன் கூடிவிட்டது. புல்லுக்குப் போடும் பசளை பக்கத்தில் கொட்டினாலும் இப்படி ஆகும். அதை நிறுத்தி, பொட்டாசியம் கூடிய தக்காளிப் பசளையைத் தண்ணீரில் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடுங்கள்.

சூல்முடி நீண்டிருந்தும் விழுந்தால் வெப்பநிலையோ, போதிய அதிர்வு கிடைக்காததோதான் காரணம். இரவு 15க்குக் கீழே போனாலும், பகல் 35ஐத் தாண்டினாலும் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. கத்தரி மகரந்தம் குழாய் முனையிலுள்ள நுண்துளை வழியாகத்தான் கொட்டும். பூவைப் பிடித்து உடம்பை அதிரவைக்கும் பம்பிள் தேனீக்கு அது கொட்டும். சாதாரண தேன்கூட்டுத் தேனீயால் முடியாது. வலை மூடிய செடிக்கு எதுவும் வராது. பற்றரியில் ஓடும் பல் துலக்கியின் பின்புறத்தைப் பூக்காம்பில் இரண்டு, மூன்று வினாடி வைத்தால் போதும். ஈரம் காய்ந்த பிறகு, மதியத்துக்கு முன் செய்யுங்கள்.

ஒட்டாவா

பூச்சியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே அண்ணை. நட்ட முதல் மூன்று வாரம் குண்டூசித் தலை அளவில் தத்தித் திரியும் கருவண்டு இலையைச் சல்லடையாக்கிவிடும். வளர்ந்த செடி தாங்கும், கன்று தாங்காது. நட்ட அன்றே மெல்லிய துணி வலையை வளைகம்பியில் போட்டு, ஓரத்தை மண்ணால் மூடவேண்டும். ஆனால் போன வருடம் கத்தரியோ உருளைக்கிழங்கோ நின்ற அதே பாத்தியில் மூடினால் வேலைக்கு ஆகாது. மண்ணில் குளிர்காலம் கழித்த வண்டுகள் வலைக்குள்ளேயே வெளிவந்து தின்னும். பூ விரிந்ததும் வலையை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது கொலராடோ உருளைக்கிழங்கு வண்டு. கிட்டக் கத்தரி இருந்தால் பெரும்பாலும் தக்காளியைத் தேடிப் போகாது. இலையின் அடியில் செம்மஞ்சள் முட்டைகள் இருபது முப்பது ஒட்டியிருக்கும். ஒரு வாரத்துக்குள் பொரித்துவிடும் என்பதால் வாரத்துக்கு இரண்டு தடவை இலையைப் புரட்டி நசுக்க வேண்டும். வளர்ந்த வண்டைச் சவர்க்காரத் தண்ணீரில் தட்டி விழுத்துங்கள். பொறிவண்டின் முட்டையும் மஞ்சள்தான், ஆனால் இதைவிடச் சிறியது. அதை விட்டுவிடுங்கள்.

இலையின் ஒரு பாதி மட்டும் மஞ்சளாகி, மத்தியானத்தில் வாடி மாலையில் நிமிர்ந்தால் அது வேர்வழி வரும் வாடல் நோய். அடித்தண்டை வெட்டினால் உள்ளே பழுப்புக் கோடு தெரியும். மருந்து இல்லை. அந்த இடத்தில் நான்கு வருடத்துக்குக் கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு, ஸ்ட்ரோபெரி எதுவும் வைக்காதீர்கள். கத்தரியைப் புது மண் நிரப்பிய வாளிக்கு மாற்றுங்கள்.

ஸ்காபரோ

ஊரிலிருந்து வந்த விதையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஊதா போன்றவை இங்கேயும் வளரும். ஆனால் குளிர் இரவு கிடையாத இடத்துக்குத் தேர்ந்தெடுத்த இனங்கள் என்பதால் பிந்தித்தான் காய்க்கும். ஆசைக்கு ஒன்று இரண்டு செடியை வாளியில் வையுங்கள். சமையலுக்கு முந்திய இனத்தை நம்புங்கள்.

ஆகஸ்ட் 20 வாக்கில் கொழுந்துகளையும் புதுப் பூக்களையும் கிள்ளிவிடுங்கள். பூ காயாக மூன்று, நான்கு வாரம் வேண்டும். அதற்குப் பிறகு பூப்பதை வைத்திருந்தால் நிற்கும் காய் பெருக்காது. தோல் மினுங்கும்போதே வெட்டுங்கள். பெருவிரலால் அமத்தினால் மெல்லப் பழைய நிலைக்கு வரவேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் முற்றிவிட்டது. ஒரு முற்றல் காய் செடியில் நின்றாலும் புதுப் பூ குறையும். காம்பு கடினம், முள்ளும் இருக்கும், இழுத்தால் கிளை முறியும். கத்தரிக்கோலால் வெட்டுங்கள்.

வெட்டிய காயைக் குளிர்ப்பெட்டியில் நாள்கணக்கில் வைத்தால் தோலில் குழி விழுந்து உள்ளே விதை கறுக்கும். வெளியே நிழலில் வைத்து இரண்டு, மூன்று நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.